தோல் காட்டிய கோணங்கள்

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் முதலில் ஆவாரம்பட்டையும் பிறகு குரோமியமும் போட்டுப் பதனிட்டதெல்லாம் கொலாஜன் என்ற புரதத்தைத்தான். அதன் வடிவம் வெகுகாலம் பிடிபடவில்லை. அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் பெற்று ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று 1954இல் அறிவித்தார்கள்.

அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்குமா என்று ஆட்சேபம் கிளம்பியது. எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கணக்கிட உட்கார்ந்ததன் பலன்தான் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம். புரத முதுகெலும்பின் வளைவு நெளிவு முழுவதையும் ஃபை, சை என்ற இரண்டே கோணங்களில் அடக்கிய சாதனை அது.

அதன் அருமை கணினிக் காலத்தில்தான் முழுதாகத் தெரிந்தது. மூலக்கூறு இயக்கத்தைக் கணினியில் ஓட்டும்போது ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ 2 ஃபெம்டோ நொடி. ஒரு நொடியைக் கடக்க 5 கோடி கோடி அடிகள். 1977இல் முதன்முதலாக ஒரு புரதத்தை ஓட்டிய மெக்கேமன், ஜெலின், கார்ப்ளஸ் குழு எட்டியது சுமார் 9 பிகோ நொடிதான்.

அந்தக் குறுகிய நேரத்தில் மூலக்கூறு ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது அரிது. சோளிங்கரில் பெரிய மலை யோக நரசிம்மரைச் சேவித்தவர் சின்ன மலை ஆஞ்சநேயரிடம் போக இறங்கித்தான் ஏறவேண்டும். மூலக்கூறுக்கு இது தலைகீழ்: அது தங்குவது ஆற்றல் பள்ளங்களில், இடையில் நிற்பது மலை. 2002இல் லயோவும் பாரினெல்லோவும் தந்த மெட்டாடைனமிக்ஸ் என்ற முறை, போய்வந்த பள்ளத்தில் சிறு சிறு ஆற்றல் குவியல்களைக் கொட்டி மேடாக்கி, மூலக்கூறை மலை தாண்டவைக்கிறது. தங்கள் முறையை அவர்கள் சோதித்துக் காட்டிய உதாரணங்களில் ஒன்று அலனின் டைபெப்டைடு என்ற சிறு மூலக்கூறு. குவியல் கொட்டியது ஃபை, சை கோணங்களின் மீது!

ஓட்டம் நீள நீளக் குவியல்கள் பெருகும். அடிக்கு அடி எல்லாவற்றையும் கூட்டினால் வேகம் படுத்துவிடும். கூட்டுத்தொகையைக் கட்டம்போட்ட அட்டவணையில் சேமித்துவைத்தால் அந்தச் சுமை குறைகிறது. 2006இல் மூலக்கூறின் பல பிரதிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் குவியல்களைப் பகிரும் முறையும் வந்தது. ஆனால் குவியல் கொட்டும் கோணத்தைத் தப்பாகத் தேர்ந்தால் எத்தனை கணினி போட்டும் பயனில்லை.

அதற்குச் சாட்சி கொலாஜனே. அதில் புரோலின் ஏராளம். புரோலினுக்கு முந்தைய பெப்டைடு பிணைப்பு புரள நொடிக்கணக்கில், சில சமயம் நிமிடக்கணக்கில்கூட ஆகும். அந்தப் புரளலை அளப்பது ஒமேகா என்ற மூன்றாவது கோணம். 1963 வரைபடத்தில் அது 180 பாகையில் நிலையாக வைக்கப்பட்டிருந்தது. கொலாஜன் இழை மடங்குவதைக் கணினியில் விரைவுபடுத்த விரும்புவோர் அந்தக் கோணத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.