கல்லிலா, சொல்லிலா?



தஞ்சை மண்ணின் வரலாறு கல்வெட்டிலே இருக்கிறது என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலைக் காட்டினார். ஐயா, கும்பிடுறோம். ஆனா ஒண்ணு கேக்கறேன். சோழர் கல்வெட்டுல நிலத்துக்கு எல்லை சொல்லும்போது 'வாய்க்கால்'னு வருதே, படிச்சதும் எப்படிப் புரியுது? அந்தச் சொல் இன்னும் நம்ம நாக்கில இருக்கு. அதனாலதான் கல்லே பேசுது!

பிரிச்சுப் பாருங்க. வாய், கால். நடக்கிற கால் மட்டும் கால் இல்லை. தண்ணீர் ஓடும் வழிக்கும் கால் என்றே பெயர். ஆற்றிலே வாய் திறந்து அங்கிருந்து ஓடுகிற கால், வாய்க்கால். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். வாய் தூர்ந்த வாய்க்கால் பிழைக்குமா?

பிரிக்கிறோம்னு கண்டபடி வெட்டிடக் கூடாது. 'கா விரி', சோலை விரிக்கும் ஆறு என்பார்கள். அழகுதான். அழகு சாட்சி ஆகுமா? சொல்லைப் பிரிச்சா, மண்ணும் ஆமான்னு சொல்லணும்.

திருச்சிப் பக்கம் முக்கொம்புக்கு வாங்க. மூன்று கொம்பு, அதாவது கிளை. வருவது ஒரு காவிரி. பிரிவது காவிரியும் கொள்ளிடமும். எண்ணிக்கோங்க, மூணு! கொள்ளிடம் என்றால்? கொள்ளும் இடம். வயலுக்குப் போக மிஞ்சின வெள்ளத்தைக் கொள்ளும் இடம். ஒரு பொறியாளர் போடும் திட்டத்தை ஒரே சொல்லில் முடிச்சுட்டாங்க! 2018 ஆகஸ்டில் அங்கே, 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. வெள்ளம் எங்கே போகும்னு பேரே சொல்லுது. காப்பது நம்ம பொறுப்பு.

அணை, கட்டு: அணைக்கட்டு. வெள்ளைக்காரர் அதைச் சுருக்கி 'அனிகட்' ஆக்கினார். நம்ம கல்லணை அவருக்கு 'கிராண்ட் அனிகட்'. அணையை மட்டுமா பார்த்தார்? சொல்லையும் சேர்த்தே எடுத்துக்கிட்டார்!

கடைசியா, கடைமடை. கடை என்றால் மளிகைக் கடை இல்லே, தம்பி! கடைசி மடை. வழக்கமா ஜூன் 12-லே மேட்டூர் திறந்தாச்சுன்னா தலைமடையில் கொண்டாட்டம். நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை விவசாயி கேக்கறது ஒண்ணே ஒண்ணு: "எங்க மடைக்கு வந்துச்சா?" தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் போய்ச் சேரணும் என்கிற நியாயம் அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கு. சொல் மறந்தா, கேள்வியும் மறந்துபோகும்.

கல்வெட்டைக் காக்கத் தொல்லியல் துறை இருக்கு. இந்தச் சொற்களைக் காக்க யாரு? வீட்டிலே பிள்ளைகளிடம் பேசுகிற நாமதான். ஆகவே நடுவர் அவர்களே, வரலாறு சொல்லிலேதான் என்று தீர்ப்பளியுங்கள்.