சர்க்கரையும் கடிகாரமும்

வேதியியல் ரொம்ப காலம் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. எதையும் எதையும் சேர்த்தால் என்ன கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அதன் கவலை. லவாய்சியர் காலத்தில் தராசு அதன் முக்கியக் கருவியாகிவிட்டது. ஆனால் "எவ்வளவு நேரத்தில்?" என்று யாராவது கேட்டிருந்தால், அது சமையல்காரன் கேட்க வேண்டிய கேள்வியல்லவா என்று சிரித்திருப்பார்கள்.

கேட்டவர்களும் இருந்தார்கள். 1777-இல் கார்ல் ஃபிரெடரிக் வென்ஸல் என்ற ஜெர்மானியர், பொருட்களுக்கிடையே உள்ள நாட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உலோகம் அமிலத்தில் கரையும் வேகத்தைக் கொண்டு அந்த நாட்டத்தை அளக்கலாம் என்பது அவர் யோசனை. போகிற போக்கில் அதில் ஒன்றைச் சொல்கிறார். ஒரு அமிலம் ஒரு மணி நேரத்தில் குறிப்பிட்ட அளவு செம்பைக் கரைக்கிறது என்றால், அதில் பாதி வலுவுள்ள அமிலம் அதே வேலைக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பரப்பும் வெப்பமும் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இன்று பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கிற விஷயம்தான் இது. ஆனாலும் அந்த விதை முளைக்கவில்லை. உலோகத்தின் மேற்பரப்பு ஏமாற்றக்கூடியது. குமிழி ஒட்டிக்கொள்ளும், அழுக்குப் படியும், கரையக் கரையச் சூடேறும். அங்கே சுத்தமான கணக்கு கிடைப்பது கஷ்டம்.

கணக்கு கடைசியில் சர்க்கரையில்தான் கிடைத்தது.

கரும்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதன் வழியே அனுப்பினால், அந்தத் தளத்தை அது வலப்பக்கம் திருப்பிவிடும். இதை ஆராய்ந்தவர் பிரான்ஸின் ழான் பாப்டிஸ்ட் பியோ. அதே கரைசலில் கொஞ்சம் அமிலம் விட்டு வைத்தால் சர்க்கரை இரண்டாகப் பிளந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் மாறும். இந்தக் கலவை ஒளியை இடப்பக்கம் திருப்பும். வலம் இடமாகத் தலைகீழாவதால்தான் இந்த வினைக்கே 'தலைகீழாதல்' என்ற பொருளில் பெயர் வந்தது.

சரி, இதுல என்ன பெரிய விஷயம்? பெரிய விஷயம்தான். ஒரு வினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, வழக்கமாக அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். சோதித்து முடிப்பதற்குள் வினை இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சர்க்கரையில் அந்தத் தொல்லை இல்லை. கரைசலைத் தொடவே வேண்டாம். குழாயின் வழியே பார்த்து, கோணத்தைக் குறித்து, மணியைக் குறித்தால் போதும்.

அப்படிக் குறித்தவர் லுட்விக் வில்ஹெல்மி. 1812-இல் பொமரேனியாவில் பிறந்தவர், மருந்தாளுநராக இருந்தவர். நடுவயதில் படிக்கப் போய் 1846-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1850-இல் வெளியான அவருடைய கட்டுரை, கரும்புச் சர்க்கரை மீது அமிலங்கள் செயல்படும் விதியைப் பற்றியது. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக், பாஸ்பாரிக் அமிலங்களை வைத்து, அளவையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்.

அவர் கண்டது இதுதான். எந்தக் கணத்திலும் சர்க்கரை மறையும் வேகம், அந்தக் கணத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது; கூடவே அமிலத்தின் அளவையும் பொறுத்தது. முதல் ஒரு மணி நேரத்தில் பாதி போனால், அடுத்த மணி நேரத்தில் மிச்சத்தில் பாதிதான் போகும். அதற்கடுத்து அந்த மிச்சத்திலும் பாதி. அமிலமோ செலவாவதே இல்லை. கடைசிச் சொட்டு வரை அப்படியே இருந்துகொண்டு வேலை வாங்குகிறது. இதை அவர் ஒரு வகைக்கெழுச் சமன்பாடாக எழுதினார். ஒரு வேதிவினையின் போக்கை நுண்கணிதத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இந்தச் சூத்திரம் மற்ற வினைகளுக்கும் பொருந்துமா என்று பார்ப்பதை வேதியியலாளர்களிடம் விட்டுவிடுவதாகவும் கட்டுரையில் சொல்லியிருந்தார்.

அவர்கள் பார்க்கவில்லை. எங்கோ மூலையில் கிடந்த சிற்றிதழில் அது வந்திருந்தால் ஆறுதல் சொல்லலாம். வந்ததோ ஐரோப்பா முழுக்கப் படித்த, போகண்டார்ஃப் ஆசிரியராக இருந்த 'அனாலன்' இதழில். அன்றைய வேதியியலாளர்களுக்குப் புதுச் சேர்மங்களை உண்டாக்குவதும் பிரித்துப் பார்ப்பதும்தான் வேலை. வகைக்கெழுவைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அச்சில் வருவது வேறு, வாசிக்கப்படுவது வேறு.

வில்ஹெல்மி 1864-இல் இறந்துபோனார். அதே ஆண்டு நார்வேயில் குல்ட்பர்க், வாகே என்ற இருவர் 'நிறைத்தாக்க விதி'யை வெளியிட்டார்கள். ஒருவர் கணிதக்காரர், மற்றவர் வேதியியலாளர். ஆனால் நார்வேஜிய மொழியில் எழுதினார்கள். அதையும் ரொம்ப நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்கோர்ட் என்ற வேதியியலாளரும் எஸ்ஸன் என்ற கணிதக்காரரும் சேர்ந்து இதே பாதையில் நடந்தார்கள். வேதியியலுக்குள் காலம் நுழைய, ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணிதக்காரர் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது.

வில்ஹெல்மியைத் தோண்டியெடுத்தவர் ரிகாவில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட். 1884-இல் பல அமிலங்களின் வலுவை ஒப்பிட அவர் அதே சர்க்கரையை எடுத்துக்கொண்டார். அங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. சம செறிவுள்ள இரண்டு அமிலங்கள். ஒன்று ஹைட்ரோகுளோரிக், மற்றது வினிகரில் இருக்கும் அசெட்டிக். முதலாவது சர்க்கரையைப் பிளக்கும் வேகத்தில் சுமார் 250-இல் ஒரு பங்குதான் இரண்டாவதுக்கு. செறிவு ஒன்றேதான், பிறகு ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. உப்சாலாவில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் என்ற இளைஞர் மின்கடத்தல் பற்றி எழுதிய ஆய்வேட்டுக்கு, அதே 1884-இல், பேராசிரியர்கள் குறைந்த மதிப்பெண் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஓஸ்ட்வால்ட் அதைப் படித்தார். சர்க்கரையை வேகமாகப் பிளக்கும் அமிலம் எதுவோ, அதுவே மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தியது. அந்த இளைஞரைப் பார்க்க உப்சாலாவுக்கே கிளம்பிப் போனார். சில ஆண்டுகளில் படம் தெளிவானது. அமிலம் நீரில் அயனிகளாகப் பிரிகிறது. சர்க்கரையிடம் வேலை செய்வது பிரிந்து வந்த ஹைட்ரஜன் அயனி மட்டும்தான். ஹைட்ரோகுளோரிக் ஏறக்குறைய முழுசாகப் பிரிகிறது, அசெட்டிக் துளிதான் பிரிகிறது. புட்டியின் மேல் எழுதியிருக்கும் செறிவு வேறு, களத்தில் இறங்கும் செறிவு வேறு.

"அமிலம் கெட்டியாக ஆக, வேகமும் கூடும்" என்ற பாடம் இதற்கப்புறம் கொஞ்சம் அடக்கமாகிவிடுகிறது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு சீறிக்கொண்டு கரையும். நல்ல அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் சும்மா கிடக்கும். 1836-இல் ஷான்பைனும் ஃபாரடேயும் இதைப் பற்றிக் கடிதங்களில் விவாதித்திருக்கிறார்கள். இரும்பின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் படிந்து கதவை அடைத்துவிடுகிறது. சர்க்கரையிலேயே, அமிலம் மிகவும் அடர்த்தியாகும்போது வேகம் நேர்விகிதக் கணக்கைத் தாண்டி ஓடுகிறது. வில்ஹெல்மியின் விதி நீர்த்த கரைசலின் விதி.

நம்மூர் வெல்லக் கொட்டகையில் இந்த விதியோடு தினசரி மல்லுக்கட்டு நடக்கிறது. கருப்பஞ்சாறு இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பு. அப்படியே கொப்பரையில் காய்ச்சினால், அந்தப் புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையைப் பிளந்துவிடும். வெல்லம் இறுகாமல் இளகிக் கிடக்கும். அதனால்தான் சாற்றில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் குறைக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. "அளவாப் போடு, கூடினா கறுத்துடும்" என்பார்கள். அதுவும் சரிதான்.

ஓஸ்ட்வால்ட் 1891-இல் வில்ஹெல்மியின் கட்டுரையைத் தன்னுடைய செவ்வியல் அறிவியல் நூல்வரிசையில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். 1909-இல் வினையூக்கம், சமநிலை, வினைவேகம் ஆகியவற்றுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு கோபன்ஹேகனில் சோரன்சென், ஹைட்ரஜன் அயனிச் செறிவை எழுத பிஎச் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். வில்ஹெல்மி இறந்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.