தலை வெளுக்காத கழுகுகள்

வெண்தலைக் கழுகு அமெரிக்க அரசு முத்திரையில் ஏறியது 1782-ல். பெஞ்சமின் ஃப்ராங்க்ளினுக்கு அந்தத் தேர்வு பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மகளுக்கு எழுதிய கடிதத்தில், விராலடிப்பான் கஷ்டப்பட்டுப் பிடித்த மீனைத் தட்டிப் பறிக்கிற ஒழுக்கங்கெட்ட பறவை என்று திட்டியிருந்தார். திருடும் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அந்த முத்திரையில் வேறொரு குறை தெரிகிறது. அதில் இளம் கழுகு இல்லை.

பிறந்து சுமார் ஐந்து வருடம் வரைக்கும் இந்தக் கழுகுக்கு வெள்ளைத் தலை கிடையாது. உடம்பு முழுக்கப் பழுப்பு, அங்கங்கே வெள்ளைத் திட்டு. இரண்டு மீட்டர் அகலச் சிறகைப் பலகை மாதிரி விரித்து மிதக்கும்போதுகூட, பார்க்கிறவர்கள் பொன்னாங்கழுகு என்று நினைத்துவிடுவார்கள். 1940-ல் வெண்தலைக் கழுகைக் காக்கச் சட்டம் வந்தது. 1962-ல் அதில் பொன்னாங்கழுகையும் சேர்த்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

அந்த 1940 சட்டமும் அலாஸ்காவுக்குப் பொருந்தவில்லை. சால்மன் மீனையும் பண்ணை நரிகளையும் தின்று தீர்க்கிறது என்று சொல்லி, அங்கே 1917-லிருந்தே கழுகைக் கொன்றால் அரசாங்கம் காசு கொடுத்தது. ஆரம்பத்தில் தலைக்கு 50 சென்ட். 1950களின் தொடக்கத்தில் அது நிற்பதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் கொன்றுவிட்டார்கள். காசு கொடுத்த நாட்டின் முத்திரையிலும் அதே கழுகுதான்.

துப்பாக்கிச் சாவு கண்ணுக்குத் தெரியும். அடுத்து வந்தது தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி வயல், தோட்டம், சதுப்பு நிலம் என்று எல்லா இடத்திலும் தெளிக்கப்பட்டது. நீரிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து கழுகுக்கு. ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிவு கூடியது. கழுகு செத்து விழவில்லை. உடலில் டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ, முட்டை ஓட்டுக்குப் போகவேண்டிய கால்சியத்தைத் தடுத்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. வெண்தலைக் கழுகு இருபது, முப்பது வருடம்கூட வாழும். ஆகவே குஞ்சே பொரிக்காத கூட்டிலும் வெள்ளைத் தலைகள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

சரியில்லை என்று கண்டவர் சார்ல்ஸ் ப்ரோலி, ஓய்வுபெற்ற கனடிய வங்கி மேலாளர். அறுபது வயதை ஒட்டி, 1939-ல் ஃப்ளோரிடாவில் மரமேறத் தொடங்கியவர். கயிற்றேணி போட்டுக் கூட்டுக்குப் போய்க் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டுவார். மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். ஃப்ளோரிடாக் குஞ்சுகள் கோடையில் கனடா வரை பறக்கின்றன என்பது அந்த வளையங்களால் தெரிந்தது. 1947-லிருந்து காலிக் கூடுகள் அதிகமாவதைக் கவனித்தார். 1958-ல் நூறு மைல் கடற்கரை அலைந்து ஒரே ஒரு குஞ்சுக்குத்தான் வளையம் போட முடிந்தது. டிடிடிதான் காரணம் என்று சந்தேகப்பட்டார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

சந்தேகத்துக்குச் சாட்சி, அருங்காட்சியக அலமாரிகளில் இருந்தது. 1968-ல் ஜோசப் ஹிக்கியும் டேனியல் ஆண்டர்சனும் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை எடுத்து எடை பார்த்தார்கள். வெண்தலைக் கழுகு உட்பட மூன்று வேட்டைப் பறவைகளின் ஓடு மெலியத் தொடங்கிய வருடம் 1947. ப்ரோலி மரத்தின் மேலிருந்து கண்ட அதே வருடம்! மென்பொருள் வேலையில் இருப்பவனாக இந்த இடம் எனக்கு மெய்சிலிர்ப்பு. பழைய லாக் இருந்தால்தான் எந்தத் தேதியில் உடைந்தது என்று சொல்லமுடியும். இங்கே அந்த லாக், ஏதோ ஆசையில் ஆட்கள் சேர்த்துவைத்த முட்டை ஓடுகள்.

1963-ல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் எஞ்சியவை 417 ஜோடிகள். 1972-ல் அங்கே டிடிடிக்குத் தடை வந்தது. 2007-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே கழுகை எடுத்துவிட்டார்கள். 2018, 2019-ல் விமானத்தில் போய்க் கூடுகளை எண்ணி, அதே நிலப்பரப்பில் 3,16,700 கழுகுகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். கூடு கட்டும் ஜோடிகள் சுமார் 71,400. கணக்குப் போட்டுப் பாருங்கள், பாதிக்கும் மேல் கூடு கட்டாத பறவைகள். இன்னும் தலை வெளுக்காத பழுப்புக் கழுகுகள் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன.