எக்ஸ்பியை விடாத கடைகள்

சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும் அண்ணாமலை நகரிலும், கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் 2000க்குப் பின் பெருகிய டிடிபி கடைகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் அடித்தளமாக இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த இந்த இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் அந்தத் தேதியோடு எக்ஸ்பியின் ஆயுள் முடியவில்லை. அது நீடித்ததற்கு வறுமையும் அலட்சியமும் மட்டும் காரணமில்லை. பெரிய காரணம் தமிழ் எழுத்து.

1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1979இல் அது ஏற்படுத்திய தொலைதூரக் கல்வியும் சிதம்பரத்துக்குத் தட்டச்சு வேலையை ஓயாமல் கொண்டுவந்தன. ஆய்வேடு, புராஜெக்ட் அறிக்கை, விண்ணப்பம் என்று மாணவர் தரும் வேலை ஒரு பக்கம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் அடிக்கும் நோட்டீஸ், கட்சிக்காரர்களின் துண்டறிக்கை என்று ஊர் தரும் வேலை மறுபக்கம். கடையில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, பட்டர் ஷீட்டில் லேசர் பிரின்ட் எடுத்து, ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்புவார்கள்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0ஐ அடோபி 2001இல் வெளியிட்டது, அதற்குமேல் வளர்க்கவில்லை. அந்த மென்பொருளுக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. வானவில், பாமினி, ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி வேலை செய்தன. ஒரு நிறுவனம் ‘அ’வுக்கு வைத்த எண்ணில் இன்னொரு நிறுவனம் வேறு எழுத்தை வைத்திருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் டாம், டாப் குறியீடுகளுக்கும் ஒரு பொதுத் தரம் வகுத்தது. ஆனால் கடைக்காரர்கள் ஏற்கெனவே பழகிய எழுத்துருவையும் தட்டச்சு இயந்திர விசைமுறையையும் விடவில்லை. விலை கொடுத்து வாங்கிய சில தமிழ் மென்பொருள்களுக்கு டாங்கிள் என்ற சிறு பூட்டும் தேவைப்பட்டது. கணினியின் பின்புறம் பழைய பிரின்டர் போர்ட்டில் அதைச் செருகினால்தான் எழுத்துரு இயங்கும். பின்னால் வந்த கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை.

யூனிகோடு தமிழை விண்டோஸ் 2000இலேயே மைக்ரோசாஃப்ட் சேர்த்துவிட்டது. ஆனால் எக்ஸ்பியில் அது ஒழுங்காகத் தெரிய, கன்ட்ரோல் பேனலில் ஒரு விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து, நிறுவிய சிடியிலிருந்து கோப்புகளை ஏற்ற வேண்டும். சிடி கைவசம் இல்லாத கடைகளில் இணையத் தமிழ் கட்டம் கட்டமாகவே தெரிந்தது. கோவைச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23 அன்றுதான் தமிழக அரசு யூனிகோடையும் அனைத்து எழுத்துக் குறியீடான டேஸ்16ஐயும் தரமாக அறிவித்து ஆணையிட்டது. அதற்குள் பத்தாண்டுக் கோப்புகள் பழைய குறியீடுகளில் குவிந்திருந்தன. வாடிக்கையாளர் போன ஆண்டுப் பத்திரிகையைத் தேதி மாற்றிக் கேட்டால் அதைத் திறக்கப் பழைய கணினி வேண்டும்.

போலிப் பிரதி இரண்டாவது காரணம். இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 2007இல் 69 விழுக்காடும் 2011இல் 63 விழுக்காடும் உரிமம் இல்லாதவை என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ மதிப்பிட்டது. அசெம்பிள் செய்த கணினிக்கு ‘ஓஎஸ் போட்டு’க் கொடுப்பவர், ஒரே சிடியிலிருந்து எல்லாருக்கும் போட்டுவிடுவார். அசல் பிரதிதானா என்று சோதிக்கும் நிரலை 2006 முதல் மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்புகளோடு அனுப்பத் தொடங்கியதும், எச்சரிக்கை வாசகத்துக்குப் பயந்து புதுப்பிப்பையே அணைத்துவைப்பது வழக்கமாயிற்று. முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் போலிப் பிரதிகளுக்கும் தானாகவே கிடைத்துவந்தன என்பதைப் பலர் அறியவில்லை. ஆதரவு நிற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஆதரவு நின்ற நிலையில்தான் இந்தக் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த நிலையின் கேட்டைப் பென்டிரைவ் பெருக்கியது. மாணவர் விடுதியிலிருந்து பிரவுசிங் சென்டருக்கும், அங்கிருந்து ஜெராக்ஸ் கடைக்கும், கடையிலிருந்து அச்சகத்துக்கும் கோப்புகள் பென்டிரைவிலேயே பயணம் செய்தன. அதைச் செருகியவுடன் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வசதி எக்ஸ்பியில் இருந்தது. வைரஸ்கள் அதைப் பற்றிக்கொண்டன. 2008 அக்டோபர் 23 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்தது. அடுத்த மாதமே கான்ஃபிக்கர் என்ற புழு அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அதன் பிந்தைய வடிவங்கள் பென்டிரைவிலும் ஏறிக்கொண்டன. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டும் பென்டிரைவ் வழியே தொற்றியது. ஈரானைக் குறிவைத்த அந்தப் புழுவால் அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தோனேசியாவை அடுத்து இந்தியா மூன்றாவதாக நின்றது. பென்டிரைவுக்கான ஆட்டோரனை அணைக்கும் திருத்தம் 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கு அனுப்பப்பட்டது. புதுப்பிப்பை நிறுத்திய கடைகளுக்கு அது போய்ச்சேரவே இல்லை. ஒரு கடையின் பழைய கணினி ஊரின் எல்லாக் கடைகளுக்கும் இடராக மாறியது இப்படித்தான்.

மாற்றுவழி இதே மாநிலத்தில் உருவாகியிருந்தது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. அதில் தமிழ் இடைமுகமும் உண்டு. எக்ஸ்பியின் காலக்கெடு நெருங்கிய 2014இல் தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தியது. நல்ல முடிவு அது. ஆனால் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் மென்பொருள்களும் லினக்ஸில் ஓடாதபோது டிடிபி கடைக்காரருக்கு அதனால் பயனில்லை. எழுத்தை விடுவிக்காமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றச் சொன்னதுதான் இந்த முயற்சிகளின் குறை.

ஆதரவு நின்றபின் பழைய இயங்குதளம் முன்பிருந்த நிலையிலேயே நிற்பதில்லை; மாதம்தோறும் அதன் அபாயம் கூடுகிறது. எக்ஸ்பியின் நிரல்களில் பல, விண்டோஸ் 7இலும் தொடர்ந்தவை. புதிய பதிப்புக்கு ஒரு திருத்தம் வரும்போது, திருத்தத்துக்கு முன்னும் பின்னுமுள்ள கோப்புகளை ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது தேர்ந்தவர்களுக்கு அரிதல்ல. அதே ஓட்டை எக்ஸ்பியில் அடைபடாமல் இருக்கும். புதியவற்றுக்கு மருந்தாக வரும் ஒவ்வொரு திருத்தமும் பழையதன் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இதை முழுதாக ஈடுசெய்யாது, ஏனெனில் அதுவும் அந்த ஓட்டையுள்ள இயங்குதளத்தின் மேல்தான் நிற்கிறது.

2017 மே 12 அன்று வான்னாக்ரை தாக்கியது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவிடமிருந்து கசிந்த எடர்னல்புளூ என்ற கருவியைக் கொண்டு, கோப்புப் பகிர்வு வழியே தானாகப் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பணயம் கேட்டது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரிட்டனின் பொதுமருத்துவத் துறையில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. இங்கே ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும், கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டன. விண்டோஸின் ஆதரவுள்ள பதிப்புகளுக்கு மார்ச் 14 அன்றே திருத்தம் வந்திருந்தது. எக்ஸ்பிக்கு அது தாக்குதலுக்கு மறுநாள், விதிவிலக்காகவே கிடைத்தது. பிந்தைய ஆய்வில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள் என்று தெரிந்தது. பல எக்ஸ்பி கணினிகள் தொற்றுக்குள்ளாகும் முன்பே நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. புதுப்பிக்காத புதிய பதிப்பும் பழையதற்குச் சமமே என்பதை அந்த மே மாதம் காட்டியது.

ஏடிஎம் இயந்திரங்களும் எக்ஸ்பியில்தான் ஓடின. ரிசர்வ் வங்கி 2017 ஏப்ரலில் வங்கிகளை எச்சரித்தது. மாற்றம் மெதுவாக நடந்ததால் 2018 ஜூன் 21 அன்று கெடு விதித்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் கால்பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால்பங்கு, ஜூனுக்குள் முழுவதும் ஆதரவுள்ள பதிப்புக்கு மாற வேண்டும் என்பது கட்டளை. இந்தியாவில் இவ்வளவு தெளிவான கால அட்டவணையோடு பழைய இயங்குதளத்தை வெளியேற்றிய துறை வேறு இல்லை என்றே சொல்லலாம்.

சிறு கடைகளுக்கு அப்படிக் கெடு விதிக்க யாருமில்லை. அவற்றை எக்ஸ்பியிலிருந்து நகர்த்தியது இணையம். எக்ஸ்பியில் ஓடும் கடைசி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8ஆம் பதிப்பு. குரோம் 2016 ஏப்ரலில் எக்ஸ்பியைக் கைவிட்டது. வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் புதிய மறையாக்க முறைக்கு மாறியதும் பழைய உலாவிகளில் அவை திறக்கவில்லை. பட்டா, சான்றிதழ், தேர்வு விண்ணப்பம் ஆகிய எல்லாம் இணையத்துக்கு வந்தபின், தளம் திறக்காத கணினியால் கடைக்கு வருமானம் இல்லை. விண்டோஸ் 7 வந்தது. பேஜ்மேக்கருக்காக மட்டும் ஓர் எக்ஸ்பி மூலையில் தங்கியது.

வன்தட்டு தரும் இடர் இன்னொன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 மழைவெள்ளம் கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்தது. இத்தகைய பேரிடரில் எக்ஸ்பி காலத்து ஐடிஇ வன்தட்டு பழுதானால் அதற்கு ஈடான புதியது கிடைப்பது அரிது. ஒரே தட்டில் ஒரே பிரதியாக இருந்த கோப்பு தட்டோடு போகும்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்பதால், நன்றாக ஓடும் கணினிகளும் இம்முறை தகுதி இழந்தன. பழைய தமிழ்க் கோப்புகளை வைத்திருப்போருக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எக்ஸ்பி கணினியை வலையிலிருந்து துண்டித்துவிட்டு, அதிலுள்ள உரைகளை எழுத்துருமாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்கலாம். பக்க அமைப்பும் வேண்டுமென்றால் இன்டிசைன் சிஎஸ்6 பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பின் வந்த பதிப்புகள் திறக்கா. சிஎஸ்6 வெளிவந்தது 2012இல். அதை ஓட்டும் கணினிகளும் குறைந்துவருகின்றன.