திரைக்குக் கீழே நின்ற கைகள்

பொம்மலாட்டக் கொட்டகையில் அமர்ந்திருக்கும் நாம் பொம்மையைப் பார்க்கின்றோம்; அதனை ஆட்டுவிப்பவனைப் பார்ப்பதில்லை. கண்ணிற் படாதிருப்பதே அவன் தொழிலின் முதல் விதி. கரிய துணிக்குப் பின்னால் நின்று நூல் பிடிக்கும் தமிழ்க் கலைஞனுக்கும், கிளந்தானில் வெண்திரைக்குப் பின்னமர்ந்து அரசன் முதல் கோமாளி வரை அத்தனை பாத்திரங்களுக்கும் தான் ஒருவனே குரல் கொடுக்கும் தோக் டாலாங்குக்கும் இவ்விதி பொதுவானது. ஆயினும், திரைமறைவில் நடப்பதை அறியாமல் ஒரு கலையின் வரலாற்றை அறிந்துவிட்டதாகக் கூற இயலுமா? இயலாது என்பதே நமது கருத்து. இப்பழங்கலை இருபதாம் நூற்றாண்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் புகுந்து உலகை வலம் வந்தது. ‘மப்பெட் ஷோ’ என்னும் அந்தப் பல்சுவை நிகழ்ச்சியின் வரலாற்றை, அதிற் கை நோக உழைத்தவர்கள் பின்னாளில் கூறிய நினைவுகளைத் துணைக்கொண்டு இங்கு ஆராய்வோம்.

அந்நிகழ்ச்சியின் தலைவர் ஜிம் ஹென்ஸன். 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிஸ்ஸிஸிப்பி மாநிலத்திற் பிறந்தவர். 1955-ல், பதினெட்டு வயது மாணவராக இருக்கையிலேயே, வாஷிங்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் ஐந்து நிமிடப் பொம்மலாட்டம் ஒன்றைத் தொடங்கினார். தாயார் கழித்துப்போட்ட பழைய மேலங்கியின் பச்சைத் துணியை வெட்டித் தைத்து, மேசைப்பந்தொன்றை இரண்டாகப் பிளந்து கண்களாக ஒட்டி, ஒரு பாவை செய்தார். அதற்குக் கெர்மிட் என்று பெயர். அன்று அது இன்ன பிராணியென்று சொல்ல முடியாத உருவமாகவே இருந்தது. தவளையானது பல ஆண்டுகள் கழித்தேயாம். பின்னர் உலகமெங்கும் அறியப்பட்ட ஓர் உருவம் கந்தல் துணியிற் பிறந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

ஹென்ஸன் செய்த புதுமை யாது? அதுகாறும் தொலைக்காட்சியிலும் பொம்மைக்கென ஒரு சிறு மேடை கட்டி, அம்மேடையையே படம் பிடித்து வந்தனர். அவரோ அம்மேடையை அகற்றிவிட்டார். தொலைக்காட்சிப் பெட்டியின் நான்கு விளிம்புகளே மேடை என்றார். மரத்தாற் கடைந்த முகத்திற்குப் பதிலாக மென்மையான நுரைப்பொருளாலும் துணியாலும் முகம் அமைத்தார். உள்ளே நுழைந்த கையின் விரல் சற்று மடங்கினாலும் பாவையின் முகத்திற் கவலை தோன்றும். சற்று நிமிர்ந்தால் நகை தோன்றும். கண்ணுக்கு மிக அருகே வந்து நோக்கும் தொலைக்காட்சிக்கு இதுவே ஏற்றதாயிற்று.

பொம்மை பிள்ளைகளுக்கே உரியது என்னும் எண்ணம் அமெரிக்க ஒளிபரப்பாளரிடம் வேரூன்றியிருந்தது. 1969-ல் தொடங்கிய ‘ஸெஸமி ஸ்ட்ரீட்’ என்னும் சிறுவர் நிகழ்ச்சியில் ஹென்ஸனின் பாவைகள் பெற்ற பெரும் புகழே அவ்வெண்ணத்தை மேலும் உறுதிப்படுத்திற்று. பெரியோரும் கண்டு மகிழும் மாலை நேர நிகழ்ச்சி வேண்டுமென்று அவர் கேட்டபோது, அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் இசையவில்லை. கை கொடுத்தவர் இங்கிலாந்தின் லூ கிரேட் என்பவர். அவரும் அவ்வூரார் அல்லர். இன்றைய உக்ரேன் பகுதியில் யூதக் குடும்பத்திற் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் பெற்றோருடன் கப்பலேறி லண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்து, நடனக்காரராய்ப் பிழைத்து, பின்னர் தொலைக்காட்சி அதிபராய் உயர்ந்தவர். பிழைப்பை நாடிக் கடல் கடந்தவர்களின் வழிவந்த நமக்கு, அத்தகைய ஒருவரின் துணிவு எளிதில் விளங்கும். 1976 முதல் 1981 வரை லண்டனுக்கு அருகிலுள்ள எல்ஸ்ட்ரீ நிலையத்தில் ஐந்து பருவங்களாக 120 நிகழ்ச்சிகள் தயாராயின. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அவற்றைக் கண்டன.

இனித் திரைக்குக் கீழே செல்வோம். பாவைகள் நடமாடிய அறைகளும் தெருக்களும் தரைமீது கட்டப்படவில்லை; ஆளுயரத்திற்கு மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தன. ஆட்டுவிப்போர் அவற்றின் கீழே நெருக்கியடித்து நின்று, கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்திப் பாவையை ஏந்துவர். தலையிற் கட்டிய பட்டையிற் சிறு ஒலிவாங்கி இருக்கும். கை மரத்தாலும் பாவையின் தலை தாழ்தல் கூடாது. தாழ்ந்தால் உயிர் போயிற்று. அவர்கள் அண்ணாந்து தம் பாவையைப் பார்ப்பதுமில்லை. காலடியில் வைக்கப்பட்ட சிறு தொலைக்காட்சிப் பெட்டியையே நோக்குவர். வசனத் தாளும் அதனருகே ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியில் நாம் வலக்கை தூக்கினால் நமக்கு வலப்புறமே கை எழும். அப்பெட்டியிலோ பக்கம் மாறித் தோன்றும். ஆகவே புதிதாய் வந்தவர் பாவையை வலப்புறம் திருப்ப எண்ணி இடப்புறம் திருப்பித் திகைப்பர். தன் கையைத் தானே அயலான் கையாகக் கண்டு பழகுவதே முதற் பாடமாயிற்று.

இரண்டாம் பாடம் அதனினும் கடினமானது. ஆட்டுவிப்பவரின் வலக்கை பாவையின் தலைக்குள் இருக்கும். இடக்கை பாவையின் இடக்கையாகும். பாவையின் வலக்கையை இயக்க யார் உளர்? இன்னொருவர் வந்து ஒட்டி நின்று தம் கையை நுழைத்தல் வேண்டும். இளையவர் தொழில் கற்றது இவ்வாறே. முகமும் இல்லை, குரலும் இல்லை. ஒரு வலக்கை மட்டுமே அவர் பங்கு. மூத்தவர் மூச்சிழுப்பதை உணர்ந்து, அவர் அடுத்து யாது செய்வார் என்பதை அறிந்து, அந்தக் கையை அசைத்தல் வேண்டும். பேசுபவர் ஒருவர், கை அசைப்பவர் வேறொருவர் என்பது காண்போர்க்குத் தெரியவே கூடாது.

இவ்விருவர் உறவு சில வேளைகளில் வேடிக்கைக்கே ஊற்றாயிற்று. ஸ்வீடன் நாட்டுச் சமையற்காரராக ஒரு பாவை உண்டு. அதன் தலையும் குரலும் ஹென்ஸனுடையவை. கைகள் இரண்டும் அவருடைய உற்ற துணைவர் ஃபிராங்க் ஓஸ் என்பவருடைய மெய்யான கைகள். ஓஸ் சொல்லாமற் கொள்ளாமல் எதையேனும் எடுத்து வீசுவார். தலையாக இருந்த ஹென்ஸன் அதற்கேற்பத் திண்டாடி வாய்க்கு வந்ததை உளறுவார். ஒருவரையொருவர் கவிழ்த்துவிட முயல்வதே தங்கள் விளையாட்டு என்று அவர்கள் நினைவு கூர்ந்துள்ளனர். கவிழ்த்தாலும் மற்றவன் தாங்குவான் என்னும் நம்பிக்கை இல்லாவிடில் அவ்விளையாட்டு நடக்குமோ?

மிஸ் பிக்கி என்னும் பன்றிப் பெண்ணின் பிறப்பும் அத்தகையதே. தொடக்கத்தில் அவள் கூட்டத்தில் ஒருத்தி. அவளை ஆட்டுவிக்கவும் நிலையான ஒருவர் இல்லை. ஒரு காட்சியில் அவள் கெர்மிட்டைக் கன்னத்தில் அறைய வேண்டுமென எழுதப்பட்டிருந்தது. ஓஸ் அவ்வாறு அறையாமல் கராத்தே வெட்டொன்று வெட்டினார். நிலையமே சிரித்தது. நாகரிகம் பூசிய மேற்பரப்பும் அடியிற் கனலும் சினமுமாக ஒரு முழுப் பாத்திரம் அந்த வெட்டிற் பிறந்துவிட்டது. எழுதியவர் கண்டறியாததை ஒரு கை கண்டறிந்தது.

டேவ் கோயல்ஸ் என்பவரின் நினைவுகள் உள்ளத்தைத் தொடுவன. அவர் தொழிற்கூடப் பொருள்களுக்கு வடிவம் அமைக்கும் பணியிலிருந்தவர். பாவை செய்யும் ஆளாக ஹென்ஸனிடம் சேர்ந்தவர். முதற் பருவத்தில் பாவை செய்தலும் ஆட்டுவித்தலும் ஆகிய இரு வேலைகளையும் பார்த்தார். அவருக்கு வாய்த்தது கோன்ஸோ என்னும் வளைந்த மூக்குடைய வினோதப் பிராணி. பயிற்சி பெற்ற நடிகர்களிடையே தமக்கு என்ன தகுதி உண்டென்று அவர் அஞ்சினார். அவ்வச்சமே பாவையின் வாடிய கண்ணிற் குடிகொண்டது. இரண்டாம் பருவத்திற்கு முன், இமை உயரும்படி கண்ணைத் தம் கையாலேயே திருத்தியமைத்தார். அதன் பின்னரே கோன்ஸோ துள்ளிக் குதிக்கும் வீரனாயிற்று. கோயல்ஸும் உடன் வளர்ந்தார். பாவைக்குக் கண் திறந்தபோது மனிதனுக்கும் திறந்தது.

புகழ் பெற்றோர் முதலில் பொம்மைகளுடன் தோன்றத் தயங்கினர். ருடால்ஃப் நூரேயெவ் என்னும் பெரும் நடனக் கலைஞர், இரண்டாம் பருவத்திற் பன்றி வேடம் பூண்ட ஒருவருடன் நடனமாடிய பின்னர், மற்றவர்கள் தாமே வரலாயினர். வந்தவர்கள் சிறிது நேரத்தில் கீழே நிற்கும் மனிதரை மறந்து பாவையின் முகம் நோக்கிப் பேசத் தொடங்குவர். தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. இதைவிடப் பெரிய மறதியும் இல்லை. ஆயினும் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும்: ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் ஆட்டுவித்தவர்களின் பெயர்கள் திரையிற் பொறிக்கப்பட்டன. மறைந்து நிற்றல் தொழிலின் விதி. பெயரின்றிப் போதல் விதியன்று.

1990 மே 16-ஆம் நாள் ஹென்ஸன் தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் திடீரெனக் காலமானார். தவளை யாது ஆவது? ஆட்டுவித்தவரோடு பாவையும் மாளுமா? அப்பொறுப்பு ஸ்டீவ் விட்மயர் என்னும் இளையவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2017 முதல் மாட் வோகல் என்பவர் கெர்மிட்டை ஏந்தினார். குரல் சற்று வேறுபடுகிறது என்று குறை கூறுவோர் உளர். அக்குறை நியாயமானதே. ஒரு கையின் உயிர் மற்றொரு கைக்கு முழுதாகச் செல்வதில்லை. ஆனால் கை மாறாத கலை பெட்டிக்குள் கிடந்து பூச்சிக்கு இரையாகும் என்பதை, நமது பாவைக்கூத்தின் நிலையை அறிந்த நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

தமது நினைவுக் கூட்டத்திற்கு எவரும் கறுப்பு உடை அணிந்து வரலாகாது என ஹென்ஸன் எழுதி வைத்திருந்தார். நியூயார்க் நகரத் தேவாலயமொன்றில் அக்கூட்டம் நடந்தது. அவருடைய தோழர்களுள் ஒருவர் பாவையைக் கையிலேந்திப் பாடத் தொடங்கினார். மற்றவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து சேர்ந்துகொண்டனர். அன்று உயர்ந்த மேடையும் இல்லை, மறைவும் இல்லை. பாவைகளுக்குக் கீழே அவற்றை ஏந்திய மனிதர்களின் முகங்களை மக்கள் கண்டனர்.

உயர்ந்து நிற்கும் எதைக் கண்டாலும் அதன் கீழே நின்று தாங்கும் கை யாருடையது என்று கேட்கப் பழகுவோமாக. அக்கைக்குரியவனின் பெயரையும் கேட்டறிவோமாக.