அனகோண்டா யார் வீட்டுச் சொல்?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை இங்கிருந்து அங்கே கப்பல் போய்வந்தது. ஆளும் சரக்கும் கடந்த கடலில் சொற்களும் கடந்திருக்கின்றன. அதனால்தான் அனகோண்டா என்ற பெயர் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்று கேள்விப்பட்டதுமே, ‘ஆனைகொன்றான்’ என்று பிரித்து அதைத் தமிழாக்கிவிடுகிறோம்.

அந்தப் பிரிப்பு நேற்று முளைத்ததல்ல. யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886-லேயே அதை முன்வைத்தது. நம் இலக்கியமும் அதற்குத் துணை நிற்பதுபோலத் தோன்றும். நற்றிணை 261-ஆம் பாட்டில் களிற்றை வளைத்துக்கொண்ட மாசுணம், அதை வைரம் பாய்ந்த மரத்தோடு சேர்த்துக் கட்டிப் புரட்டுகிறது. மாசுணம் என்றால் மலைப்பாம்பு. அதற்கு விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கியே கொல்லும். மானை விழுங்கும். யானையைக் கொல்வது புலவர் கற்பனை.

ஆனால் சான்று வேறு பக்கம் கைகாட்டுகிறது. ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே 1693-ல், நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகப் பாம்புப் பட்டியலைக் கொண்டு, இலங்கையர் ‘அனகண்டையா’ என்று சொல்லும் பாம்பு எருமைகளையே நொறுக்கும் என்று எழுதினார். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ‘கொ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’ இருக்கிறது. ‘ஆன்’ என்று முடியாமல் ‘யா’ என்று முடிகிறது. சிங்கள ‘ஹெனகந்தயா’வோடு இது நெருக்கமாகப் பொருந்துகிறது. ஹென என்றால் இடி, கந்த என்றால் தண்டு. 1897-ல் ஆய்வாளர் டொனால்ட் ஃபெர்குசன் எடுத்துக்காட்டியதும் இதைத்தான். வியப்பு என்னவென்றால், ஹெனகந்தயா கொடிபோல் மெலிந்த பாம்பு, நம் பச்சைப்பாம்பின் இனம். மலைப்பாம்பைச் சிங்களர் பிம்புரா என்பார்கள். லெய்டனில் ஒல்லிப் பாம்பின் பெயர்ச்சீட்டு பெரும்பாம்பில் ஏறியிருக்க வேண்டும் என்பதே ஃபெர்குசன் தந்த விளக்கம். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

1768-ல் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்றில், இலங்கையில் அனகோண்டா ஒரு புலியை நொறுக்கியதாகக் கதை வந்தது. இலங்கைக் காட்டில் புலியே இல்லை! ஆனாலும் பெயர் பரவிவிட்டது. பிறகு தென்னமெரிக்க நீர்ப்பாம்புக்கு அதைச் சூட்டினார்கள். பிரேசில்காரர்கள் அதைச் சுகுரி என்றே சொல்கிறார்கள்.

அனகோண்டாவைத் தமிழ் என்று மேடையில் முழங்குவதை விட்டுவிடுவோம். நமக்கென்று மாசுணம் இருக்கிறது. பாடநூல் எழுதுகிறவர்கள் மலைப்பாம்புப் படத்தின் கீழே அந்தச் சொல்லையும் சேர்த்து அச்சிட வேண்டும்.