எண்ணக் கற்ற மருத்துவர்கள்

சான்றை அடிப்படையாகக் கொண்ட மருத்துவம் என்னும் தொடர், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கயாற் 1991 ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரையொன்றின் வழியாகவே வழக்கிற்கு வந்தது. பெயர் அண்மையது, பயிற்சியோ பழையது. அதனை மாணவர் முறையாகக் கற்ற இடங்களுள் ஒன்றைக் காணவேண்டின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பரிஸ் நகரத்து வைத்தியசாலைகளை நோக்குதல் வேண்டும்.

அக்காலப் பரிஸில் புரூசேயின் கொள்கை கோலோச்சியது. நோய்களுட் பெரும்பாலானவை அழற்சியின் விளைவே, ஆதலாற் குருதியை வெளியேற்றுதலே பரிகாரம் என்பது அவர் துணிபு. அத்துணிபு பரவியமையால், 1833 ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் நான்கு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது.

பியர் லூயி என்பார் வேறொரு வழியில் வந்தவர். ருஷ்யப் பேரரசிலே தொழில் புரிந்த காலத்தில், ஒடெசா நகரிற் பரவிய டிப்தீரியா நோயின் முன் தாம் கற்ற மருத்துவம் பயனற்றுப் போனமையைக் கண்டார். பரிஸ் திரும்பிய அவர், சாரித்தே வைத்தியசாலையில் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் நோயாளர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் எழுதிச் சேர்த்தார். இறந்தோரின் உடல்களையும் பரிசோதித்தார். பின்னரே எண்ணத் தொடங்கினார்.

நியூமோனியாவால் பீடிக்கப்பட்ட 77 பேரை அவர் இரு பிரிவினராக வகுத்தார். நோய் கண்ட முதல் நான்கு நாட்களுக்குள் குருதி எடுக்கப்பட்டோர் 41 பேர். அவருள் 18 பேர் இறந்தனர். ஐந்தாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரையிற் குருதி எடுக்கப்பட்டோர் 36 பேர். இறந்தோர் 9 பேர். எனினும், முதற் பிரிவிற் பிழைத்தவர்கள் ஏறத்தாழ மூன்று நாட்கள் முன்னதாகவே குணமடைந்தனர். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இம்முடிவுகளை லூயி மறைத்தாரல்லர். குருதி எடுத்தலை அவர் முற்றாக நிராகரிக்கவுமில்லை. அதன் பயன் கருதப்பட்டதினும் மிகக் குறைவு என்றே கூறினார். குருதி எடுக்கப்படாத பிரிவொன்று அவரது கணக்கில் இல்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

1837 இல் மருத்துவக் கழகத்திலே எண்முறை பற்றிக் கடும் விவாதம் எழுந்தது. நோயாளர் ஒருவரைப் போல் மற்றொருவர் இல்லை, சராசரியைக் கொண்டு தனியொருவருக்கு மருத்துவஞ் செய்தல் எங்ஙனம் என்று மொன்பெலியேயைச் சேர்ந்த றிசுவெஞோ தமடோர் வினவினார். இதனை வெறும் பழைமைவாதமென ஒதுக்குதல் நேர்மையாகாது. இன்றும் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் இளம் வைத்தியர் எதிர்கொள்ளும் வினா அதுவே.

லூயியின் மெய்யான வெற்றி அவர்தம் மாணவரிடத்தே காணப்பட்டது. 1832 இல் நிறுவப்பட்ட மருத்துவ அவதானிப்புச் சங்கத்தில் உறுப்பினர் தம் குறிப்புகளை வாசிப்பர். ஏனையோர் அவற்றின் குறைகளைத் தயவின்றி எடுத்துரைப்பர். ஆசானின் சொல்லுக்கும் சான்று கேட்கும் துணிவு அங்கே பழக்கமாயிற்று. அப்பயிற்சி பெற்ற அமெரிக்கருள் ஒருவர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1843 இல் அவர், மகப்பேற்றுக் காய்ச்சலை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குக் கொண்டுசெல்வோர் வைத்தியரும் மருத்துவமாதருமே என்பதை, ஒரே வைத்தியரிடம் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களை நிரல்படுத்தி நிறுவினார். பிலடெல்பியாவின் புகழ்பெற்ற மகப்பேற்றுப் பேராசிரியர் சாள்ஸ் மெய்க்ஸ் முதலியோர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1855 இல் ஹோம்ஸ் அக்கட்டுரையை மீண்டும் வெளியிட்டார்; புதிய முன்னுரையொன்றைச் சேர்த்தாரேயன்றி, தம் முடிவிலிருந்து பின்வாங்கினாரில்லை.